மன்னிப்புக் கல்

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் மலை மக்களின் வாழ்க்கையை விளக்கும் நிபுணன் ஆனதற்குப் படிப்பு காரணமல்ல, கல்யாணம்தான் காரணம். பெண்ணின் அண்ணன் பயண நிறுவனம் நடத்துகிறவர். ‘மலைக் கிராமங்களில் ஆறு நாள் சைக்கிள் பயணம். காலம் தொடாத சிறுபான்மை இன மக்கள். கள்ளமில்லாத சிரிப்பு’ என்று வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்திருந்தார். அந்தச் சிரிப்பை அவர் நேரில் பார்த்ததில்லை. வளைந்து போகும் ரோட்டில் அவருக்கு வாந்தி வரும்.

"மாப்பிள்ளை, செயின் கழண்டா உங்களுக்கு மாட்டத் தெரியும். அது போதும். கூடப் போயிட்டு வாங்க," என்று தங்கை புருஷனைக் கைடாக அனுப்பிவிட்டார்.

முதல் பயணத்தில் கூட வந்தவர்கள் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தார்கள். கூரையில் ஏன் நீலத் துணி? அந்தப் பெண் ஏன் தலையில் துண்டு கட்டியிருக்கிறாள்? அந்த ஆள் ஏன் நம்மைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டார்? கைடு ஒவ்வொன்றுக்கும் "தெரியலைங்க" என்றான். பயணம் முடிந்ததும் ஒருவர் கருத்துத் தாளில், ‘கைடுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிராமங்களிலும் ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சான் அந்தத் தாளை மேசைமேல் தட்டித் தட்டிப் பேசினார். "ஒண்ணும் இல்லைன்னா அது ஊரோட தப்பு இல்ல மாப்பிள்ளை. உங்க தப்பு. வாயைத் தெறங்க."

அடுத்த பயணத்திலிருந்து வாயைத் திறந்தான். கூரையில் கிடந்த நீலத் தார்பாய், மழையை மரியாதையாக வரவேற்கும் நிறம் ஆயிற்று. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு நின்ற பெண், நிச்சயம் ஆன பெண் ஆனாள். இவர்களைப் பார்த்ததும் வீட்டுக்குள் போன ஆள், விருந்தாளியை நேருக்கு நேர் பார்ப்பது அகங்காரம் என்று நினைக்கும் பண்பாளர் ஆனார். அந்த ஆள் எப்போதோ இவன் கடையில் சைக்கிள் பம்பை இரவல் வாங்கித் திருப்பித் தராதவர் என்பது வேறு விஷயம். கேட்டவர்கள் தலையை ஆட்டி ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கேட்பவன் மதியை அடகு வைத்துவிட்டு வந்திருந்தால் கேழ்வரகில் நெய் வடியத்தானே செய்யும்.

பயணத்தின் கடைசி ஊர் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நாற்பது வீடுகள், தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை. ஊர் வாசலில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவே மாட்டு வண்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது. முன்பு ஒரு காலத்தில் ரோடு போட வந்த கான்ட்ராக்டர் வெடி வைத்தபோது உருண்டு வந்து நின்ற கல் அது. அதோடு அவருக்கு வேலை அலுத்துவிட்டது. கல்லையும் போட்டுவிட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கல்லுக்கும் பாறைக்கும் இடையில் சைக்கிள் நுழையும், ஆள் நுழைவார். வண்டி நுழையாது.

ஒரு தடவை கூட்டத்தில் ஒருவர் பஞ்சராகிப் பின்தங்கிவிட்டார். அவர் வந்து சேரும்வரை மற்ற ஏழு பேரையும் கல்லருகே நிறுத்திவைக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது, முணுமுணுப்பு கிளம்பியது. கைடு கல்லைப் பார்த்தான். கல் அவனைப் பார்த்தது.

"இது மன்னிப்புக் கல்," என்றான். "இந்த ஊருக்குள்ள நுழையற வெளியாள், இதுமேல கை வெச்சு, வீட்டுல உள்ளவங்களுக்குச் செஞ்ச ஒரு தப்பை வாய்விட்டுச் சொல்லணும். சொன்னாத்தான் ஊர் ஏத்துக்கும். மனசுக்குள்ள சொன்னா செல்லாது."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான், இது கொஞ்சம் ஓவரோ என்று. ஆனால் ஒரு வங்கி மேலாளர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கல்மேல் கை வைத்தார். லீவு கிடைப்பதற்காக, உயிரோடு இருந்த மாமனாரை மூன்று தடவை சாகடித்ததைச் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. நான்காம் தடவை அவர் நிஜமாகவே செத்தபோது லீவு கொடுக்கவில்லையாம். அடுத்து ஒரு பல் டாக்டரம்மா. சொந்தத் தங்கைக்கே நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, அது வெளியே தெரியாமலிருக்கச் சொத்தைப் பல்லையும் பிடுங்கி, இரண்டுமே கெட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிட்டாராம். அழுதார். எல்லோரும் அழுதார்கள். பஞ்சரானவர் வந்து சேர்ந்தபோது, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் அழுதார்.

அந்தப் பயணத்துக்கு வந்த கருத்துத் தாள்களை மச்சான் சட்டம் போட்டு மாட்டினார்.

ஆறு வருடம் இப்படியே ஓடிற்று. கல்லுக்கு இருபது அடி தள்ளி டீக்கடை. அங்கே ஒரு நீள பெஞ்சு கிடக்கும். சீசன் தொடங்கியதும் அது இரண்டு பெஞ்சு ஆகிவிடும். ஊர்க்காரர்கள் வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அமைதியாகக் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘என்ன ஒரு அடக்கம்’ என்று வந்தவர்கள் வியப்பார்கள். மலைக்காரர்களுக்கு நகரத்து மொழி புரியாது என்று கைடு நினைத்திருந்தான். அவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசுவார்கள், அவனைக் கண்டதும் அதே மொழியில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கு ‘பெரியவர்’ என்று பொருள் இருக்கும் என்று அவனாகவே முடிவு செய்து, கும்பிட்டுவிட்டுப் போவான்.

ஏழாம் வருடம் அரசாங்கத்துக்கு அந்த ஊரின் நினைவு வந்தது. ஊர் மொத்தமும் பதினான்கு வருடமாக மனு கொடுத்ததன் பலன். கல்லை உடைத்து, பாதையை அகலப்படுத்தி, ஆம்புலன்ஸ் போகிற மாதிரி தார் ரோடு போட உத்தரவு ஆயிற்று. செய்தி கேட்ட மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"கல்லை உடைச்சா நம்ம தொழிலையே உடைச்ச மாதிரி மாப்பிள்ளை. அந்தக் கல்லோட வரலாறு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

கைடு எழுதினான். முதல் பக்கத்தில் கல்லுக்கு எண்ணூறு வயது, இரண்டாம் பக்கத்தில் அது ஆயிரத்து இருநூறாக வளர்ந்திருந்தது. அதுவரை வந்துபோன சைக்கிள்காரர்கள் அத்தனை பேருக்கும் மச்சான் அதை அனுப்பினார். ‘ஒரு சிறுபான்மை இனத்தின் புனிதத்தைக் காப்போம்’ என்று நாலாயிரம் கையெழுத்து திரண்டது. வங்கி மேலாளர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், டாக்டரம்மா தொலைக்காட்சியில் பேசினார். ரோடு வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. கையெழுத்துப் போட்ட நாலாயிரம் பேரில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அடுத்த மாதம் கைடு ஒரு கூட்டத்தோடு மேலே போனபோது பெஞ்சில் ஆளில்லை. டீக்கடை அக்கா மட்டும் கல்லாப்பெட்டிமேல் கை ஊன்றி நின்றாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு. ஆறு வருடமாக அவனிடம் ‘டீ’, ‘வேணுமா’ என்ற இரண்டு சொல்லுக்குமேல் பேசியதில்லை. அன்று, "நீ கொஞ்சம் இங்க வா," என்றாள். நகரத்து மொழி, பிசிறில்லாமல் வந்தது.

கூட்டத்தைக் கல்லருகே அழவிட்டுவிட்டு அவன் போனான்.

"அக்கா, உங்களுக்கு எங்க மொழி தெரியுமா?"

"பதினோரு வருஷம் டவுன் ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தேன். எனக்கு மட்டும் இல்ல, இங்க எல்லாருக்கும் தெரியும். பின்ன, அந்தப் பெஞ்சுல என்ன காத்து வாங்கவா உக்காந்திருந்தோம்? அந்தப் பல்லு டாக்டரு கதையக் கேட்டதுலேருந்து எங்க ஊர்ல ஒருத்தரும் பல்லு வலின்னு கீழ எறங்கறதில்ல."

"அப்ப என்னை நீங்க கூப்பிடற பேரு…"

"புளுகுமூட்டைன்னு அர்த்தம். பாசமாத்தான் கூப்பிட்டோம். அது போன மாசம் வரைக்கும்." அக்கா சிரிக்கவில்லை. "என் மருமகளுக்குப் போன வாரம் வலி எடுத்துச்சு. வண்டி கல்லுக்கு அந்தாண்ட, ரெண்டாவது வளைவு வரைக்கும்தான் வந்துது. நாலு பேரு அவளை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. இந்தச் சந்துல நாற்காலி நுழையல. எறக்கி, நடக்க வெச்சு, மறுபடி ஏத்தி… வண்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி வழியிலயே பொறந்திடுச்சு. ரோட்டுல, மண்ணுல. ரெண்டு பேரும் பொழைச்சிருக்காங்க. அது எங்க அதிர்ஷ்டம். உன் கல்லோட கருணை இல்ல."

கைடுக்குப் பின்னால் யாரோ தன் அண்ணியிடம் பேசாமல் இருந்ததைக் கல்லிடம் சொல்லி விம்மிக்கொண்டிருந்தார்.

"நீ அளந்ததுல எங்களுக்கு நஷ்டம் இல்லாத வரைக்கும் வேடிக்கை பாத்தோம். அது எங்க தப்பு," என்றாள் அக்கா. "ஏத்தி வெச்சவன் நீ. நீயே எறக்கு."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உண்மையைச் சொன்னா உங்க அண்ணன் என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாரு," என்றான்.

"தூக்கட்டும். எங்க அண்ணன் பேச்சைக் கேட்டு நீங்க பேசினீங்க. உங்க பேச்சைக் கேட்டு ஒரு பொண்ணு ரோட்டுல புள்ள பெத்திருக்கா. இதுல வேலை எங்க வந்துச்சு?" மடித்த சட்டையை அவன் மடியில் போட்டாள். "நல்ல சட்டையா போட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க. கசங்கின சட்டையில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

பத்து நாள் கழித்துக் கல்லைப் பார்வையிட்டு முடிவு சொல்ல அரசாங்கம் அனுப்பிய ஒரு குழு வந்தது. தலைவி ஒரு பேராசிரியை. சிறுபான்மை இனங்களின் பண்பாட்டைப் பற்றி ஒன்பது புத்தகம் எழுதியவர், கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி தொங்கியது. கூடவே ரோட்டு இன்ஜினியர், கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்து என்று கேட்கிற முகத்தோடு வந்தார். வாந்தியைப் பொறுத்துக்கொண்டு மச்சானும் மேலே ஏறி வந்திருந்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஓரமாக நின்றார்.

பேராசிரியை முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்தார். "ஐயா, இந்தக் கல்லைப் பத்திச் சொல்லுங்க."

"அது கல்லுங்க."

"அதோட சக்தி?"

"வெயிட்டுங்க. தள்ளிப் பாத்தோம், நகரல."

"உங்க முன்னோர்கள் இதை எப்படி…"

"எங்க முன்னோர் இதைப் பாத்ததே இல்லைங்களே. எனக்கே முப்பது வயசானப்பறம்தான் வந்துது. கான்ட்ராக்டரு உருட்டி விட்டாரு."

பேராசிரியை கருவியை அணைத்துவிட்டு இன்ஜினியரிடம் மெல்லச் சொன்னார், "பாத்தீங்களா, புனிதமான விஷயத்தை வெளியாள்கிட்ட எவ்வளவு கவனமா மறைக்கறாங்க. ‘கான்ட்ராக்டர்’ங்கறது அனேகமா ஒரு பழைய தெய்வத்துக்குக் குறிச்சொல்லா இருக்கும்."

இன்ஜினியர் கோப்பில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்.

கைடுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நிற்கப் பிடிமானம் வேண்டுமே என்று பக்கத்திலிருந்ததில் கையை ஊன்றினான். ஊன்றியது கல்மேல்.

"அம்மா, நான் சொல்றேன். இது பொய். முழுக்க நான் இட்டுக்கட்டினது. ஒருத்தரு பஞ்சராகிப் பின்தங்கிட்டாரு, பொழுது போகணும்னு சொன்னேன். எண்ணூறு வருஷம், ஆயிரத்து இருநூறு வருஷம் எல்லாம் எங்க வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து எழுதினது. ஆறு வருஷமா இந்த ஊரைப் பத்தி நான் சொன்ன ஒண்ணுகூட உண்மையில்ல. என்னால இவங்களுக்கு ரோடு நின்னு போச்சு. ஒரு பொண்ணுக்குப் பாதி வழியில பிரசவம் ஆயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். ஆறு வருடத்தில் அந்தக் கல்லருகே அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதிவாயிடுச்சா?" என்று கேமராவோடு நின்ற தன் உதவியாளரைக் கேட்டார். "அற்புதம். கல் வேலை செய்யறதை நான் கண்ணால பாத்துட்டேன். வழி காட்டறவனையே எப்படிப் பேச வெச்சிடுச்சு பாருங்க. பொய் சொன்னதா ஒத்துக்கறாரு பாருங்க, அதுதான் சடங்கோட உச்சம்."

"அம்மா, சடங்கே பொய்ங்கறேன்."

"ஆமாம்பா, ஆமாம். அழு. அடக்காதே."

மச்சான் எலுமிச்சம்பழத்தை இறக்கிவிட்டு இவனை அதிசயமாகப் பார்த்தார். இவ்வளவு திறமை இத்தனை நாள் எங்கே இருந்தது என்பது போன்ற பார்வை. மெதுவாகக் கை தட்டவும் செய்தார்.

கைடு திரும்பி டீக்கடைப் பக்கம் பார்த்தான். பெஞ்சு நிறைய ஊர் உட்கார்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டீக்கடை அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்து வந்தாள். பேராசிரியையின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, நீங்க இவ்வளவு தூரம் புரிஞ்சுக்கிட்டதால சொல்றேன். வெளியில சொல்லக்கூடாதது. அந்தக் கல்லு ஒரே எடத்துல ரொம்ப நாள் உக்காராது."

பேராசிரியையின் கை தானாகக் கருவிக்குப் போயிற்று.

"இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கணக்கு, எடம் மாத்தணும். ஜனங்களோட தப்பையெல்லாம் வாங்கி வாங்கிக் கனத்துப் போயிடுமில்ல. இப்ப காலம் தாண்டிப் போச்சு. அதான் பிரசவம் வழியில ஆச்சு."

"எங்க மாத்தணும்?"

அக்கா இன்ஜினியரைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்தக் கோப்பைச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். விரலை நீட்டி, "அந்த ஓரமா, வளைவுக்குக் கீழ ஒரு மேடு இருக்கே," என்றார்.

"அதேதான்," என்றாள் அக்கா. "அதுக்குன்னு விட்டு வெச்ச எடம் அது."

"யார் நகர்த்தணும்? ஊரே சேர்ந்து, பாட்டுப் பாடி…"

"அந்தக் காலத்துல அப்படித்தான். இப்ப ஜேசிபின்னா சரின்னுடுச்சு."

"யாரு?"

"கல்லு."

பேராசிரியை அங்கேயே, டீக்கடைப் பெஞ்சில் வைத்து, கல்லை நகர்த்தச் சம்மதம் என்று மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் மை காயும் முன் கோப்பை மூடிக்கொண்டார்.

எல்லோரும் படம் எடுக்கப் போனபின் கைடு அக்காவிடம் வந்து நின்றான்.

"நான் உண்மையைத்தான் சொன்னேன் அக்கா."

"கேட்டேன். நல்லாத்தான் சொன்னே." பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பேசினாள். "நாங்களும் உண்மையைத்தான் சொன்னோம். எடுபடலையே. பதினாலு வருஷம் எழுதிக் குடுத்தோம், கல்லு கல்லுன்னு. கடைசியில எங்க வாயாலயும் ஒரு புளுகு வந்தாத்தான் ரோடு. நீ அழுதுட்டேன்னு அது சரியாப் போயிடாது."

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சா சரி. டீ குடி."

ஜேசிபி வந்து கல்லை நகர்த்தியபோது பேராசிரியை நாள் முழுக்கப் படம் பிடித்தார். ‘இடம் பெயரும் புனிதம்’ என்று பத்தாவது புத்தகம் வந்தது. ரோடும் வந்தது. ஊரில் முதல் ஆம்புலன்ஸ் நுழைந்த அன்று அதில் ஏற நோயாளி யாருமில்லை. ஊரே முறை வைத்து ஏறி இறங்கிப் பார்த்தது.

மச்சான் அந்த ஊரைப் பயணப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "பஸ்ஸு போற ஊர்ல என்ன பண்பாடு இருக்கும் மாப்பிள்ளை?" என்றார். பக்கத்து மலையில் ரோடு சரியில்லாத ஊராக நாலைந்து பார்த்து வைத்திருந்தார். கைடும் போனான். ஆனால் யாராவது எதையாவது கேட்டால், "வாங்க, அவங்களையே கேப்போம்," என்று அந்தந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தான். வீட்டுக்காரர்கள் தார்பாய் விலையையும் மகனின் பரீட்சை மார்க்கையும் பற்றிப் பேசினார்கள். வந்தவர்களின் சம்பளத்தைக் கேட்டார்கள். கருத்துத் தாள்களில் ‘அங்கே இருப்பவர்கள் நம்மைப் போலவே இருக்கிறார்கள், ஏமாற்றம்’ என்று வந்தது. இரண்டு பயணத்தோடு மச்சான், நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு புதுப் பையனைக் கைடாகப் போட்டுக்கொண்டார். இவன் சைக்கிள் கடைக்கே திரும்பினான். மனைவி அவனுடைய பழைய வேலைச் சட்டையைத் துவைத்துப் போட்டு வைத்திருந்தாள்.

ரோடு வந்ததும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிள் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் அவன் ஸ்பானர் பெட்டியோடு பஸ் ஏறி மேலே போவான். ஒரு நாள் டீக்கடை அக்காவும் டவுனில் பால்பவுடர் மூட்டை வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். பாதி மலையில் பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். முன்னால் எட்டுப் பேர் ரோட்டை அடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி, தலை குனிந்து நின்றார்கள். புதுக் கைடு ஒரு சிறிய சிமென்ட் சுவரில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹாரன் கேட்டதும் பஸ்ஸை நோக்கிக் கையை உயர்த்தி, சற்றுப் பொறுங்கள் என்று காட்டினான்.

பஸ்ஸில் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருந்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அது சாக்கடைப் பாலம்ங்க. கொஞ்சம் வழி விடுங்க."

கூட்டத்தில் கடைசியாக நின்ற ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். பேசியவளின் முகத்தையும் உடையையும் நன்றாகக் கவனித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, அவள் சொன்னதைச் சொல் பிசகாமல் எழுதிக்கொண்டு, பொருள் கேட்பதற்காகக் கைடிடம் போனார்.